நாக்கு வழிக்கப் போன கதை

தலையைக் குனிந்துகொள்ளுங்கள், நிலைப்படி தாழ்வு. இந்தக் கடையின் முன்பக்கம் தென்காசிக்கு வந்துபோன எவருக்கும் தெரிந்ததுதான். காசி விசுவநாதர் கோபுர வாசலில் வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும் காற்றைச் சமாளித்து வெளியே வந்தால், கோயிலைச் சுற்றிய தெருக்களில் பாத்திரக்கடைகள். குடம், குத்துவிளக்கு, சருவம், போணி எல்லாம் வாசலுக்கே வந்து நின்று பளபளவென்று கூப்பிடும். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் தொங்கும் அழுக்குத் திரையை விலக்கப்போகிறோம் நாம். “இதுல தலைய இடிச்சுக்காத ஆளே கெடையாது” என்கிறார் கடைக்கார அண்ணாச்சி. அடுத்த மூச்சிலேயே, “வெளியாள் யாரையும் இதுவரை உள்ள விட்டதில்ல” என்கிறார். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியில்லை. உள்ளே போக விட்ட குஷியில் நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடேயப்பா! வெளியே பார்த்த மினுமினுப்பெல்லாம் இங்கேதான் தலைவாராமல் உட்கார்ந்திருக்கிறது. எடைக்கு வாங்கிப்போட்ட பழைய பித்தளை ஒரு மூலை. வைக்கோலும் சாக்கும் ஒரு மூலை. காது போன அண்டா, மூக்கு உடைந்த கெண்டி, எந்தக் கல்யாணத்துக்கோ வாங்கி எந்த வீட்டிலிருந்தோ திரும்பி வந்த சீர்ப் பாத்திரங்கள். நடுவில் சின்ன நாற்காலியில் ஒரு பையன் எவர்சில்வர் தட்டில் மாப்பிள்ளை, பெண் பேர் வெட்டிக்கொண்டிருக்கிறான். கையில் இருக்கும் இயந்திரம் கிர்ர்ர் என்று கத்துகிறது. பேரில் ஒரு சுழி பிசகினால் தட்டு போச்சு. அந்தக் கவனத்தில் அவன் நாக்கு தானாக வெளியே நீண்டு, எழுத்து வளையும் பக்கமெல்லாம் வளைகிறது. ‘ழ’ வரும்போது பார்க்கவேண்டுமே அதை!

நாக்கைப் பார்க்கத்தானே வந்திருக்கிறோம். அண்ணாச்சி ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்து சாக்கின்மேல் கவிழ்த்தார். சலசலவென்று கொட்டின நாக்கு வழிப்பான்கள். ஸ்டீல், பித்தளை, செம்பு. தகடாக வளைந்தவை, கம்பியாக வளைந்தவை, நுனியில் சுருள் விட்டவை, சுருள் இல்லாமல் மொட்டையாக நிற்பவை. “டங் கிளீனர்னு கேட்டா இந்த டப்பா. நாக்கு வழிப்பான்னு கேட்டாலும் இந்த டப்பாதான்.” குற்றாலத்துக்கு வந்த குடும்பம் ஒன்று இதைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் செம்பு ஹேர்பேண்ட் நல்லது என்று பேசிக்கொண்டே தலையில் மாட்டிப் பார்த்ததாம். அண்ணாச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கொஞ்சம் சின்ன சைஸா இருக்கே” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வியாபாரி!

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பிளாஸ்டிக் வேண்டாம் என்றுதான் இப்போது பலரும் இதைக் கேட்டு வருகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்டீல் வழிப்பான்களோ, ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள் வந்து இறங்குகின்றன. அண்ணாச்சி பின்கட்டில் உட்கார்ந்து உறையையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, தினத்தாளில் சுற்றிக் கொடுக்கிறார். வாங்குகிறவர் முகம் மலர்ந்து போகிறார். உரித்த உறைகள் நம் காலடியில் சரசரக்கின்றன. அண்ணாச்சி அவற்றைக் காலால் சாக்குக்கு அடியில் தள்ளினார். நாமும் பார்க்காத மாதிரி இருந்துகொள்வோம்.

செம்பு வழிப்பானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது சும்மா, சட்டை கூட இல்லாமல், பக்கத்துத் தெருப் பட்டறையிலிருந்து நடந்தே வருகிறது. வாருங்கள், அது பிறக்கிற இடத்துக்கே போய்விடுவோம்.

பட்டறை என்றதும் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வீட்டுத் திண்ணையை ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்பு. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுகிறது நவச்சாரப் புகை. யாரோ ஒருவருடைய பித்தளைச் சருவத்துக்கு ஈயம் பூசி இறக்கியிருக்கிறார்கள். சுவரில் முருகன் காலண்டர், அதன் ஆணியிலேயே ஆசாரியின் சட்டை. ரேடியோவில் இளையராஜா. உலைக்கு ஊதத் துருத்தி இல்லை, கரண்டில் ஓடும் புளோயர்தான். ஆனால் பட்டறைக்கல் தாத்தா காலத்தது. அதன் நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தடவிப் பார்த்தேன். மூன்று தலைமுறை சுத்தியல் விழுந்த பள்ளம். அதன் ஓரத்தில் டீ கிளாஸ் வைத்து வைத்து விழுந்த வட்டக் கறையும் உண்டு.

“இதுக்குன்னு தனியா தகடு வாங்கமாட்டோம்” என்கிறார் ஆசாரி. குடத்துக்கும் தாம்பாளத்துக்கும் வெட்டியது போக மிஞ்சிய ஓரத் துண்டுகள் ஒரு தகர டப்பாவில் கிடக்கின்றன. ஈயம் பூச்சு, ஓட்டை அடைப்பு, கோயில் மணிக்கு நாக்கு மாட்டுவது (ஆமாம், மணிக்கும் நாக்கு உண்டு!) என்று பெரிய வேலைகள் ஓய்கிற நேரத்தில்தான் நாக்கு வழிப்பான். உலை சும்மா எரிகிறதே என்று செய்கிற வேலை. அந்த வேலையில்தான் அவருக்கு எத்தனை பிடிவாதம்!

கத்திரியால் விரல் அகலத்துக்கும் குறைவாக ஒரு நாடா வெட்டினார். இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினார். செம்பு முதலில் வானவில் நிறமெல்லாம் காட்டிவிட்டுப் பிறகு சிவந்தது. அப்படியே தொட்டித் தண்ணீரில் முக்க, ‘ஸ்ஸ்ஸ்!’ என்று ஒரு சீறல். நான் ஒரு அடி பின்னால் துள்ளினேன். மூலையிலிருந்த ஆசாரியின் மருமகன் பையன் போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்துவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டான். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் விறைக்கும். செம்பு நேர்மாறு, குழைந்துபோகும். வெளியே எடுத்த நாடாவை ஆசாரி இரண்டு விரலால் வளைத்துக் காட்டினார். வெற்றிலைக் காம்பு வளைகிற மாதிரி வளைந்தது. அப்புறம் பட்டறைக்கல்லில் வைத்து டக்கு டக்கு என்று தட்டத் தட்ட, குழைந்த செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விறைப்பேறுகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர் காதுக்குத் தெரியும். சத்தம் மாறுமாம். எனக்குக் கடைசிவரை ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

வியர்வை மூக்கு நுனியில் திரண்டு நிற்கிறது, துடைக்கக் கை ஓயவில்லை. அரம் எடுத்தார். இங்கேதான் நேரம் போகிறது. வெட்டின விளிம்பு இரண்டும் சுணை போக வேண்டும். ஆனால் முழுக்க மழுங்கினால் வழிக்காது. அரம், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் இன்னும் நைசான உப்புத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்து மென்தோலில் இழுத்துப் பார்க்கிறார். வெள்ளைக் கோடு விழுந்தால் மறுபடி அரம். என் கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். கூசியது, கீறவில்லை. “இன்னும் ரெண்டு இழுப்பு வேணும். கை தாங்கும், நாக்கு தாங்காது” என்று திரும்ப எடுத்துக்கொண்டார்.

சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல் நாக்கு வழிக்கும் கருவிக்கு இலக்கணமே சொல்கிறது. பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளை எதிலும் இருக்கலாம். கூராக இருக்கக் கூடாது, வளைந்திருக்க வேண்டும். இன்னொரு ஆயுர்வேத ஆசான் சுஸ்ருதர் நீளத்தையும் சொல்லிவிட்டார்: பத்து விரற்கடை. நம் ஆசாரி இவர்களில் யாரையும் படித்ததில்லை. முடித்து வைத்த வழிப்பானை நிமிர்த்தினால் எவ்வளவு இருக்கும் என்று என் விரல்களை வைத்து அளந்து பார்த்தேன். பத்துக்குப் பக்கத்தில்தான் வந்தது! எதை வைத்து அளவு எடுக்கிறார் என்று கேட்டதற்கு, “டப்பா நீளம்” என்றார். ஓரத் துண்டு போட்டு வைக்கும் அந்தத் தகர டப்பாதான்.

ஒரு இரும்புக் குழாயைச் சுற்றி வளைத்து, இரண்டு நுனியையும் விரல் வெட்டாதபடி சுருட்டி, புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்துக் கழுவியதும், கறுத்துக் கிடந்த சங்கதி இளஞ்சிவப்பாகச் சிரித்தது. கைதட்டலாம் என்று தோன்றியது. ஆசாரிக்கு அதற்குள் தத்துவம் பிறந்துவிட்டது. “படிக்கப் போ, படிக்கப் போன்னு எங்கய்யா அடிச்சாரு. பட்டத்தை வச்சு நாக்கா வழிக்கப் போறேன்னு எதுத்துப் பேசிட்டு வந்து ஒக்காந்தவன் நான். இப்ப பாத்தேளா, நாக்கு வழிக்கிறதுதான் சோறு போடுது.”

“நீங்கள் எதில் வழிப்பீர்கள்?” என்று கேட்டேன். இதே செம்பு என்று சொல்லுவார் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். அவர் பதில் சொல்லாமல் உலையைக் கிளறினார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “கேளுங்க, நல்லாக் கேளுங்க! பச்சைக் கலர் பிளாஸ்டிக்கு! பெட்டிக்கடையில அட்டையில தொங்குமே, அது!” மருமகன் பையன் போனைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஆசாரி மட்டும் அசையவில்லை. “செஞ்சதை நானே எடுத்துக்கிட்டா அண்ணாச்சிக்கு என்னத்தைக் குடுக்க?” என்றார்.

குற்றாலத்துக்குப் போகும் வழியில் ஒரு சித்த வைத்தியர் வீட்டில் சும்மா எட்டிப் பார்த்தோம். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, விழி, மொழி வரிசையில் நாவும் ஒன்று. வெளுத்துப் பூசினாற்போலப் படர்ந்திருந்தால் கபம், மஞ்சளோ சிவப்போ ஏறினால் பித்தம், கறுத்து வெடித்திருந்தால் வாதம் என்று படிப்பார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் 1964-லிருந்து இதைப் பாடமாகவே படிக்கிறார்கள். கடையம் சாலையில் தோரணமலைப் பக்கம் போனால், அகத்தியரும் தேரையரும் மருத்துவம் பார்த்த மலை இது என்று ஊரே கதை சொல்லும். இப்படிப்பட்ட மண்ணில் வைத்தியர் என்ன சொன்னார் தெரியுமா? “என்கிட்ட வர்ற அன்னைக்கு மட்டும் தயவுசெஞ்சு நாக்கு வழிச்சிட்டு வராதீங்க!” பாதிப் பேர் வைத்தியர் முன்னால் வாயைத் திறக்க வெட்கப்பட்டு, வீட்டிலேயே சுரண்டித் தள்ளிவிட்டு இளஞ்சிவப்பு நாக்கோடு வந்து உட்காருகிறார்களாம். படிக்க ஒன்றும் இருப்பதில்லை. பரீட்சைத் தாளை அழித்துவிட்டு வந்து மார்க் போடச் சொன்னால் எப்படி என்று சிரிக்கிறார்.

ஆங்கில மருத்துவம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வரி: 2006-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தேறிய சோதனைகளைத் தேடியதில் கிடைத்தவை இரண்டு, கலந்துகொண்டவர்கள் மொத்தம் 40 பேர். வாய்நாற்ற வாயுக்களைக் குறைப்பதில் பிரஷ்ஷைவிட வழிப்பான் கொஞ்சம் மேல் என்று வந்தது. கொஞ்சம்தான். சரி, அந்தக் கணக்கு அங்கேயே இருக்கட்டும். மேடைக்குப் பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

குற்றாலத்தில் சாரல் விழா நேரம். முன்னால் விளக்கு, வரவேற்புரை, குடை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் கூட்டம். பின்னால்? ஒரே ஒரு குழல்விளக்கு, அதில் ஈசல். கரகாட்டக்காரப் பெண்கள் ஒரு கண்ணாடியை நாலு பேராகப் பங்கு போட்டுக்கொண்டு மை இடுகிறார்கள். ஜரிகை உடைக்குமேல் ஒருத்தி ஸ்வெட்டர் மாட்டியிருக்கிறாள், சாரல் குளிர் அப்படி. வில்லுப்பாட்டுக் குழுவின் வில், மணிகளுக்குத் துணி சுற்றிச் சுவரில் சாய்ந்திருக்கிறது. யாரோ கால் தடுக்கி மணி கிணுங்க, “ஏலே, மேடையில அமைச்சர் பேசுதாருலே!” என்று அண்ணாவி அதட்டுகிறார்.

மூலையில் தண்ணீர்க் குழாய். அங்கேதான் வரிசை. நாதஸ்வரக்காரர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையிலிருந்து வெள்ளி வழிப்பான் எடுத்தார். வெள்ளி! மாமனார் போட்டதாம். மோதிரம் கேட்டாராம், இதுதான் கிடைத்ததாம். “மோதிரம் அடகுக்குப் போயிருக்கும். இது கூடவே இருக்கு” என்று சமாதானம். நாதஸ்வரத்தின் ஊது முனையான சீவாளி நாணல் ரகப் புல்லில் செய்வது, திருவாவடுதுறைச் சீவாளிக்கு அவர்களிடம் தனி மதிப்பு. அதை வாயில் வைத்து நனைத்து, நாக்கு நுனியால் தட்டித் தட்டித்தான் துத்துகாரம் வருகிறது. நாக்கில் பசை இருந்தால் சீவாளியில் ஏறும், சீவாளி கெட்டால் வாசிப்பு கெடும் என்பது அவர் கட்சி. நிதானமாக மூன்று இழுப்பு. உள்ளிருந்து வெளியே, ஒவ்வொன்றுக்கும் ஒரு கழுவல். பக்கத்தில் நின்ற தவில்காரர், “எனக்கு விரல்தான் நாக்கு” என்று தன் விரல்கூடுகளைக் காட்டிச் சிரித்தார். அப்போது வில்லுப்பாட்டு அக்கா வந்தார். தென்னை ஈர்க்கு ஒன்றை நகத்தால் சரசரவென்று சீவி, வில்லாக வளைத்து, நொடியில் வழித்துத் தூர எறிந்துவிட்டு, “வில்லு நமக்குப் புதுசா?” என்றாரே பார்க்கவேண்டும்! குழாயடியே அதிர்ந்தது.

ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கிளம்பி வந்த இட்சிங் என்ற துறவி, இந்தியாவில் பல் குச்சியால் துலக்கிவிட்டு அதையே பிளந்து வளைத்து நாக்கு வழிப்பதையும், இரும்பு, செம்பு வழிப்பான்களையும் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். அவர் கிளம்பியது 671-இல். எந்தக் குழாயடியில், எந்தக் கிணற்றடியில் எட்டிப் பார்த்தாரோ! அக்காவின் ஈர்க்கு வேலையைப் பார்த்திருந்தால் இன்னும் ஒரு பக்கம் எழுதியிருப்பார்.

நாக்கை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்றால் பாட்டுக்காரர்கள் மட்டுமா? தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும்வரை இந்தக் குற்றாலத்தில்தான் நண்பர்களை உட்கார்த்தி வைத்துக் கவிதையும் விருந்தும் சேர்த்தே பரிமாறினார். கவிதையை விடுங்கள். விருந்துக் கூடத்தின் பின்பக்கம் ராத்திரி மூன்று மணிக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இல்லையா? எனக்கு இருந்தது.

கல்யாண மண்டபத்துக் கொட்டகை. விறகுப் புகையில் கண் கரிக்கிறது. தேங்காய் உடைக்கும் சத்தம், கிரைண்டர் சத்தம், இரண்டையும் மீறி ஒருவர் குறட்டை. அரிசி மூட்டையின்மேல் அப்படி ஒரு தூக்கம். இன்றைக்கு மறுவீட்டுச் சாப்பாடு, அதனால் சொதி. திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டுக்குச் சொதி இல்லை என்றால் சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். தேங்காய்ப்பால் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று வாளிகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பையன் வாளி மாற்றி எடுத்துவிட்டு வாங்கின வசவை இங்கே எழுத முடியாது.

தலைமைச் சமையல்காரர் அடுப்பைப் பார்க்கும் முன்னால் கிணற்றடிக்குப் போனார். இடுப்பு பெல்ட் பையில் பாக்குவெட்டியும் பித்தளை வழிப்பானும். வழித்துவிட்டு வந்தால்தான் அடுப்பு. ஆனால் ஆச்சரியம், அவர் எதையும் ருசி பார்ப்பதே இல்லை! ஊருக்குப் போடும் சாப்பாட்டில் எச்சில் படக்கூடாது. ஆவியை முகர்ந்தே உப்புச் சொல்கிறார். “பின்னே எதுக்கு அண்ணாச்சி நாக்கை வழிக்கியோ?” என்று கேட்டால், “நாக்கு மந்தமா இருந்தா மூக்கும் மந்தமால்லா இருக்கும்” என்கிறார். சொதி அண்டாவின்மேல் குனிந்து கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். “அரைப் பிடி.” பையன் உப்பு போட்டான். ஒரு கிண்ணம் எனக்கு வந்தது. உப்பு சரியாக இருந்தது என்று சொல்வதே அவமரியாதை.

பொழுது விடியும் முன் திரும்பவும் குற்றாலம் வந்து சேர்ந்தோம். லாட்ஜுகளின் முன்பக்கம் கலர் விளக்கு, டிக்கெட் போல மடித்து வைத்த துண்டுகள். பின்பக்கச் சந்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கிறது! முதல் மாடியிலிருந்து ஒரு ‘ஓவ்வ்வ்’. இரண்டாம் மாடியிலிருந்து பதில் ‘ஓஓஓக்’. எதிர் லாட்ஜ் பெரியவர் ஒருவர் தொண்டை ஆழத்திலிருந்து இழுத்த இழுப்பில் மரத்திலிருந்த குரங்குகள் எழுந்து உட்கார்ந்தன. எட்டாத இடத்துக்கெல்லாம் வழிப்பானை விட்டு அடிநாக்கைக் கிண்டுவதுதான் வீரம் என்று நம் ஆண்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மெல்ல இரண்டு, மூன்று இழுப்பு போதும், ஓங்கரிக்கத் தேவையே இல்லை. இதை அந்தச் சந்தில் நின்று உரக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பேரருவிக்கு வந்தால், அதிர்ஷ்டம் பாருங்கள், ஆளே இல்லை! ராத்திரி தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் குளிக்கத் தடை. இப்போது வரத்து குறைந்துவிட்டது. போலீஸ்காரர் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் துப்புரவுப் பெண்கள் இறங்கியிருக்கிறார்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2014-லேயே சொல்லிவிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை போட்டது. அந்தப் பட்டியலில் பிரஷ்ஷும் நாக்கு வழிப்பானும் கிடையாது. அவர்கள் சாக்கில் என்ன இருக்கிறது, நாமே பார்ப்போமே. பற்பசைக் குழாய், ஷாம்பு உறை, ஒற்றைச் செருப்பு, நீலம், மஞ்சள், பச்சையில் பிரஷ்கள், ஆசாரி வீட்டு ரகத்துப் பச்சை வழிப்பான்கள் ஒரு கை நிறைய. “லாட்ஜுல மறந்து வச்சிட்டுப் போவாவ, இல்லாட்டி இங்கன வந்து பல்லு வெளக்கிட்டுப் போட்டுட்டுப் போவாவ” என்றார் ஒரு அம்மா. புடவையை முழங்கால்வரை செருகி, தலையில் பாலித்தீன் தொப்பி. பாறை இடுக்கில் கையை விட்டு எடுப்பதில் அவர் கெட்டிக்காரர். மோதிரம், கொலுசு, பல் செட்டு ஒன்று எல்லாம் எடுத்திருக்கிறார். பல் செட்டைத் தேடிக்கொண்டு ஆள் வந்ததாம். வாய் பொத்திக்கொண்டே கேட்டாராம்.

“செம்புல கூட ஒண்ணு கெடச்சிச்சு” என்றார். வெள்ளம் வடிந்த ஒரு நாள், கறுத்துப்போய், இப்படி வளைந்து, இரண்டு பக்கமும் சுருளோடு. கையால் காற்றில் வரைந்து காட்டினார். புளி போட்டுத் தேய்த்ததும் புதுசாகிவிட்டதாம்.

“அதை என்ன செய்தீர்கள்?”

“தோசைக்கல்லு வழிக்கேன்! என்னா அருமையா வழிக்குங்கீய! காந்தலெல்லாம் ஒரே இழுப்பு. இவளுவ வீட்டுக்குக் கூட எரவல் போயிருக்கு” என்று பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் காட்டினார்.

நான் அவர்களை ஒருமுறை பார்த்தேன், அருவியை ஒருமுறை பார்த்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

ஒரு நொடி அருவிச் சத்தம் மட்டும். பிறகு மூவரில் இளையவள், “ஐயய்யே! சீசன் பூரா அதுல வழிச்ச தோசையாக்கா எங்களுக்குக் குடுத்த!” என்று கத்தினாள். இன்னொருத்தி சாக்கைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தே விட்டாள். அம்மா மட்டும் கொஞ்சம் யோசித்தார். “கொதிக்கிற கல்லுல போட்டு எடுத்தாச்சு, இனி என்ன?” என்றார். அதற்குள் விசில் ஊதிவிட்டது. கயிறு அவிழ, துண்டும் கையுமாகக் கூட்டம் திமுதிமுவென்று ஓடி வந்தது. முன்னால் ஓடி வந்த ஒருவர் வாயில் பிரஷ். அம்மா சாக்கின் வாயை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நடுவழியில் போய் நின்றார்.